தம்பியின் குரலில் அய்யா

அய்யாவுக்குப் பேச்சு போனது, பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய பங்குனிக்கு அடுத்து வந்த ஆவணியில். இப்படி ஒன்றை இன்னொன்றோடு முடிச்சுப் போட்டு நாள் குறித்து வைப்பது என் பழக்கம். கண்மாய் எந்த வருஷம் நிரம்பி மறுகால் போனது, எந்த வருஷம் விதைத்ததோடு காய்ந்தது, ஊருக்கு மினிபஸ் எந்த மாதம் வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கும். ஊர்ப்புற நூலகத்திலேயே வயதைக் கழித்தவளுக்கு வேறென்ன வரும். கேட்பவர்கள்தான் இல்லை.

அன்று காலை அவர் எழுந்து புழுதி விதைப்புக்குப் போயிருக்க வேண்டும். எழவில்லை. நான் போய்ப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மதுரையில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். வலது கையும் வலது காலும் வரவில்லை; பேச்சும் வரவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. பதில்தான் வெளியே வராது. எழுத்தும் மறந்துவிட்டது. தலையாட்டலும் நம்பும்படி இல்லை. "சாப்பிட்டீகளா" என்றாலும் ஆட்டுவார், "சாப்பிடலையா" என்றாலும் ஆட்டுவார்.

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்தான் சொன்னார்: "ஒரு டேப்லெட் வாங்குங்க. படத்தைத் தொட்டா அது பேசும். தண்ணி படத்தைத் தொட்டா தண்ணின்னு சொல்லும். பழகிட்டா அவருக்கு நிம்மதி."

அவர் அய்யாவின் நிம்மதிக்காகச் சொன்னார். என் மனம் ஓடியது வேறு இடத்துக்கு. அதை மறைப்பதில் பயனில்லை.

எங்களுக்கு இருக்கிற நிலத்தில் நல்லது கண்மாய்க்கரைச் செய் ஒன்றுதான். மற்றதெல்லாம் கருவேலம் ஏறிய கரிசல். அம்மா போன மறு தை அமாவாசைக்கு அய்யாவும் நானும் தேவிபட்டினம் போனோம். கடலில் இறங்கிக் காரியம் முடித்து, ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே அவர் சொன்னார்: "கண்மாய்க்கரை ஒனக்குத்தான் ஆத்தா. தம்பிக்கு வெளிநாட்டுச் சம்பாத்தியம் இருக்கு. ஒனக்கு நான் போனா என்ன இருக்கு." அதைக் கேட்க எங்கள் ஊர்க்காரர் யாரும் பக்கத்தில் இல்லை.

பெண்ணுக்கும் சம பங்கு என்ற சட்டம் எனக்கும் தெரியும். நூலகத்தில் கேட்டு வந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவளே நான்தான். ஆனால் எங்கள் பக்கம் சட்டப்படி பங்கு வாங்கின பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் அன்றோடு மூடிவிடும். பிறந்த வீட்டைத் தவிர எனக்கு வீடு கிடையாது. கல்யாணம் ஆகவில்லை. பங்காளிகள் கூடியிருக்கும்போது அய்யா தம் வாயால் சொன்னால் மட்டும் ஒருவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். எழுதிய பத்திரத்தை விட, கூட்டத்தில் விழுந்த வார்த்தைக்குத்தான் எங்கள் ஊரில் மதிப்பு. அந்த வாய் போய்விட்டது. அதை வாங்க முடியும் என்று மதுரையில் ஒரு பெண் சொல்கிறார்.

ஆகவே டேப்லெட் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எதையும் படித்துவிட்டால் பிடிபட்டுவிடும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. ஒவ்வொன்றையும் பாராட்டியவர், திட்டியவர் இரண்டு தரப்பையும் வாசித்தேன். மதிப்புரை எழுதியவர்கள் எல்லோரும் அதில் சினிமா பார்க்கிறார்கள், விளையாடுகிறார்கள், படம் வரைகிறார்கள். உழுது பிழைத்து, பேச்சுப் போன ஒரு சம்சாரி இடது கையால் அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் எழுதவில்லை. மண்வெட்டி பிடித்துத் தோல் தடித்த விரலை அந்தக் கண்ணாடி அடையாளம் காணுமா? விரல் நடுங்கினால் ஒரு தொடுகையை மூன்றாக எண்ணிக்கொள்ளுமா? வாடைக் காற்று அடிக்கிற மாதத்தில் அடுப்படி வரைக்கும் சத்தம் கேட்குமா? உப்புக்காற்றில் சார்ஜ் போடும் துளை எத்தனை மாதம் தாங்கும்? இராமநாதபுரத்தில் கடைக்காரரிடம் இதையெல்லாம் கேட்டேன். பொறுமையானவர். கேட்டு முடித்ததும், "படம் நல்லாத் தெரியும்க்கா" என்றார்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரவழைத்தேன். சிறியது, கனம் குறைவு. விரலை ஒரு கணம் அழுத்தி வைத்தால்தான் ஏற்றுக்கொள்ளும்படி அதில் மாற்றி வைக்கலாம். நடுக்கம் கணக்கில் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழில் எதைத் தட்டெழுதிப் படத்தோடு இணைத்தாலும் அதை அப்படியே வாசித்துச் சொல்லும். இன்ன வார்த்தைதான் என்ற கட்டுப்பாடே இல்லை. செய், வரப்பு, மடை, மகள் என்று அய்யாவுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுக்கலாம்.

அது வந்து சேர்ந்த வாரத்திலேயே தம்பியும் துபாயிலிருந்து விடுப்பில் வந்தான். புரட்டாசி. பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஒரு டேப்லெட்.

"அய்யாவுக்கு. பொழுது போகும்ல. பாட்டு, படம், ஜல்லிக்கட்டு எல்லாம் பாக்கட்டும்."

"நான் ஒண்ணு வாங்கிட்டேன் தம்பி. பேசறதுக்கு."

"எங்கன, காட்டு." வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "யக்கா, என்ன இது, சிலேட்டு மாதிரி இருக்கு. என்னோடதுல பாதிதான் இருக்கு இது. துபாய்ல எடுத்தது. அங்க இதத் தொடக்கூட மாட்டாங்கெ."

அவனுடையது பெரிதுதான். பளபளப்பு, கனம், வாசல் வரைக்கும் கேட்கும் சத்தம். அதைத் தமிழ் வாசிக்க வைக்க மட்டும் எவ்வளவு முயன்றும் என்னால் முடியவில்லை. ஆனால் ஒரு செயலியை இறக்கிப் படத்துக்கொரு கட்டம் அமைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் யாராவது பேசிப் பதிவு செய்து வைக்கலாம். பதிந்ததை மட்டும் திருப்பிச் சொல்லும்.

இரண்டையும் அய்யாவின் கட்டிலில் வைத்தோம். முதலில் அவர் கை போனது தம்பி கொண்டுவந்ததன் மீது. மகன் கடல் கடந்து கொண்டுவந்தது. அதைத் தடவிப் பார்த்தார். விரல் நடுங்கியதில் ஏதோ திறந்து, ஏதோ மூடி, ஒரு விளம்பரப் பெண் இந்தியில் பேச ஆரம்பித்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. பிறகு என்னுடையதைக் கொடுத்தேன். விரலைப் பிடித்துத் தண்ணீர்ப் படத்தின் மீது வைத்தேன். ஒரு கணம் பொறுத்து அது பேசியது.

"தண்ணீர் கொண்டு வா."

அய்யா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

பெண் குரல். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். நான் அதைக் கவனித்திருந்தேன். அது தெளிவாக இருக்கிறது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். பேச்சு வழக்கில் மாற்றித் தட்டெழுதிப் பார்த்தேன். "தண்ணி கொண்டா" என்பதை அந்தப் பெண் ஏதோ வெளியூர்ப் பேர் மாதிரி உடைத்து உடைத்துச் சொன்னாள். ஆண் குரல் கிடைக்குமா என்று அன்று முழுவதும் தேடினேன். கிடைத்த ஒன்றும் அதில் வேலை செய்யவில்லை.

எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருகிறவன் சித்தப்பா மகன். சோலார் போடுகிறவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நிலம் காட்டுவது அவன் தொழில். அன்றும் வந்திருந்தான்.

"பெரியப்பா பேசுனா ரோட்டுல போறவன் நின்னு கேப்பான். இப்ப பொம்பளக் குரல்ல பேசணும்கிறியா? ஊரு சிரிக்கும்க்கா."

"பேச்சே இல்லாம இருக்கிறதுக்கு இது மேல் இல்லையா?"

"அத அவுகள்ல சொல்லணும்."

அய்யா சொல்லிவிட்டார். என்னுடைய டேப்லெட்டை இடது கையாலேயே கட்டில் ஓரத்துக்குத் தள்ளினார். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் கீழே விழுந்திருக்கும்.

அதோடு தேர்வு முடிந்தது. நான் பல வாரம் படித்த எடை, திரை, பேட்டரி எதுவும் ஒரு பேச்சுக்கும் உதவவில்லை. எந்த வார்த்தையையும் சொல்லக்கூடியது தோற்றது. ஆம்பிளைக் குரலில் பேசக்கூடியது வென்றது.

குரல் கொடுக்க வீட்டில் இருந்த ஒரே ஆண் தம்பிதான். அவனுக்கும் அய்யாவுக்கும் தொண்டை ஒன்று போலத்தான் இருக்கும். இருட்டில் கூப்பிட்டால் யாரென்று தெரியாது. நான் கட்டங்களை அமைத்தேன். தண்ணீர், சோறு, காபி, மூத்திரம், வலி, ஃபேன், மாடு, மழை, போதும். தம்பியின் படத்துக்கு ஒரு கட்டம், என் படத்துக்கு ஒரு கட்டம். கடைசி வரிசையில் நிலங்கள். கண்மாய்க்கரைச் செய்க்கு, கரை மேலிருந்து நானே எடுத்த படத்தைப் போட்டேன்.

தம்பி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பதிவு செய்தான். நன்றாகவே செய்தான் என்று சொல்ல வேண்டும். "தண்ணி கொண்டா" என்று அய்யாவின் அதட்டலிலேயே சொன்னான். அய்யாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதி வாயால் சிரித்தார். தன் படம் வந்ததும் தம்பி, "ஏலே தம்பி, இங்கன வா" என்றான். அப்படித்தான் அய்யா அவனைக் கூப்பிடுவார். அடுத்தது என் படம். போனில் யாரோ அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாக அழுத்தி, "அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அவனுக்கு நான் அக்கா. அய்யா என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிறந்ததிலிருந்து ஆத்தாதான்.

திரும்பி வந்தவனிடம் சொன்னேன். "அய்யா என்னை ஆத்தான்னுல தம்பி கூப்பிடுவாக. அத மட்டும் மாத்திக் குடு."

"அவருக்குத் தெரியாதா அது நீதான்னு? படம் இருக்குல்ல."

"ஒரு நிமிஷ வேலைதானே."

"பேசுவோம்க்கா, விடு. நான் என்ன ஓடவா போறேன்."

அய்யா மறுநாள் என் படத்தை அழுத்தினார். "அக்கா" என்றது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சித்தப்பா மகன் கெக்கெக்கென்று சிரித்தான். "என்ன பெரியப்பா, பெத்த மகள அக்காங்கிறீக? எங்க பெரியம்மா இருந்திருந்தா அம்மான்னு கூப்பிட்டிருப்பீகளோ?" அதைக் கேட்டுத் தம்பியும் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். அய்யா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். மற்ற கட்டங்களெல்லாம் பழகிவிட்டன. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்குமளவுக்கு வந்துவிட்டார். என் கட்டம் மட்டும் தொடாமல் கிடந்தது.

நானே என் குரலில் "ஆத்தா" என்று பதிந்தும் பார்த்தேன். நடுவில் ஒரு பெண் குரல் கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழித்துவிட்டுப் பழையபடியே வைத்தேன். தம்பியிடம் இன்னும் இரண்டொரு முறை கேட்டேன். அவன் வேண்டுமென்றே தட்டிக் கழித்தான் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அது அவனுக்கு ஒரு காரியமாகவே படவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவன், அய்யா என்னை என்னவென்று கூப்பிடுகிறார் என்பது அவன் காதில் விழுந்ததே இல்லை. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐப்பசி இரண்டாம் வெள்ளி பங்காளிகள் கூடினார்கள். தம்பி துபாய்க்குத் திரும்புவதற்குள் நிலத்தை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று பேச்சு. சோலார்காரர்கள் எல்லாவற்றையும் குத்தகைக்குக் கேட்கிறார்கள், கண்மாய்க்கரை உள்பட. நடுவீட்டில் ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்தார்கள். அய்யாவைச் சுவரில் சாய்த்து, மடியில் டேப்லெட்டை வைத்தேன். பிறகு அடுப்படி வாசல்நிலையில் போய் நின்றேன். அங்கிருந்து அவர் முகத்தில் பாதி தெரியும். திரை முழுவதும் தெரியும். அவருக்கு நான் தெரிய மாட்டேன்.

சித்தப்பாதான் கேட்டார். நியாயமான மனிதர் என்று பேர்.

"அண்ணே, கரிசல் எல்லாம் தம்பிக்குத்தான்னு முன்னையே சொல்லியிருக்கீக. அதுல பேச்சில்ல. கண்மாய்க்கரை யாருக்குன்னு ஒங்க வாயால சொல்லிட்டா நாங்க எந்திரிச்சிருவோம்."

அய்யா திரையைப் பார்த்தார். முதலில் கடைசி வரிசைக்குப் போய் நான் போட்ட படத்தை அழுத்தினார். "கண்மாய்க்கரை" என்றது தம்பியின் குரல். கூட்டம் தலையை ஆட்டியது. அவர் விரல் மேலே வந்தது. நடுக்கத்தோடு, மெதுவாக, தம்பியின் படத்தைத் தாண்டி என் படத்துக்கு மேலே வந்து நின்றது.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது என்று எழுதினால் புத்தகத்தில் படித்த மாதிரி இருக்கும். நான் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

"மறுபடியும் அக்காவக் கூப்பிடப் போறாக பாரு" என்றான் சித்தப்பா மகன். சத்தமாகக்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டிச் சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

அய்யா நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார். எத்தனையோ கூட்டங்களில் அவர் பேசி மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர் பேசும்போது யாரும் சிரித்ததில்லை. விரல் அந்தரத்தில் அப்படியே இருந்தது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்து ஒரு கட்டத்தில் விழுந்தது.

"போதும்."

தம்பியின் குரலில், அய்யாவின் அதட்டலில். சிரிப்பு அடங்கிவிட்டது.

"போதும்னுட்டாக" என்றார் ஒருவர்.

"கைய எங்கன வச்சிருந்தாகன்னு பாத்தீகள்ல" என்றேன். நான் பேசியது அடுப்படியிலிருந்து. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் அந்த விரலையும் பார்த்தவர்கள்தான்.

சித்தப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கை ஆயிரம் எடத்துக்குப் போகும்மா, நடுங்குற கை. வாயில வந்ததுதான் வார்த்தை. அவரு போதும்னுட்டாரு. இருக்கிற வழக்கப்படி மகனுக்கு."

"அய்யா, நீங்க சொல்லுங்க" என்று முன்னால் வந்தேன். அய்யா கண்ணை மூடிக்கொண்டார். டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தார். காபி கொடுக்கச் சொல்லித் தம்பி எனக்குச் சைகை காட்டினான். கொடுத்தேன்.

அன்று நான் வருத்தப்பட்டது நிலத்துக்காக. அது கொஞ்ச நாளில் வற்றிவிட்டது. வற்றாதது அந்த விரல். அது என் படத்துக்கு வந்தது. எனக்குக் கொடுக்கத்தான் வந்தது. மகளுக்குச் சோறு போடும் நிலத்தைக் கொடுப்பதா, நாலு பேர் முன்னால் ஒரு முறை சிரிப்புக்கு ஆளாவதா என்று வந்தபோது அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் நான் பார்த்தேன். நோயாளியின் மீது கோபப்படக் கூடாது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அந்த வேலை நோயாளி செய்ததல்ல. நோய் வருவதற்கு முன்பிருந்த அய்யாவே செய்தது.

கண்மாய்க்கரையில் இப்போது கம்பிவேலி. வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பலகைகள் வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பெரிய பெரிய டேப்லெட்டுகளைக் காயப் போட்ட மாதிரி இருக்கிறது. மறுகால் போனால் தண்ணீர் எங்கே ஓடும் என்று நான் கேட்டேன். அதற்கு ஆள் இருக்கிறது என்றார்கள்.

வேலி போட்டு முடித்த பிறகு, மாசியில், தம்பி துபாயிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பினான். "ஆத்தா." சிறிது இடைவெளி. "இது போதுமாக்கா? அன்னைக்கி கேட்டேல்ல." பின்னால் யாரோ தட்டுகளைக் கழுவும் சத்தம். அவனுக்கு நினைவு வந்திருக்கிறது, அனுப்பியிருக்கிறான். அதில் கள்ளம் இல்லை. அதையும் நான் பதிந்து வைத்தேன். அய்யா ஒரு தடவை அழுத்திக் கேட்டார். டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொடவில்லை. இன்றைக்கும் என்னைக் கூப்பிடக் கட்டில் சட்டத்தைத்தான் தட்டுகிறார்.

இதை எழுதிக்கொண்டிருப்பது தள்ளிவிடப்பட்ட அந்தச் சின்ன டேப்லெட்டில். திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டதால் என்னிடமே தங்கிவிட்டது. நல்ல பொருள், படித்துத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதியதை வாசித்துக் காட்டு என்றால் அந்தச் செய்திப் பெண் தடுமாறாமல் வாசிக்கிறாள். "ஆத்தா" என்பதைக்கூட இப்போது ஓரளவு சரியாகச் சொல்கிறாள்.

உள்ளே தம்பியின் குரல் கேட்கிறது. தம்பி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான்.

"தண்ணி கொண்டா."

கொண்டுபோக வேண்டும்.